கெட்டித் தேத்தண்ணி

...கட்டி விழாமல் கரைக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது, தேத்தண்ணியைக் கொஞ்சம் ஆறவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கெட்டியாக்குகிற பவுடரை மேலே தூவிக்கொண்டே கலக்க வேண்டும், இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டேன், உருண்டை உருண்டையாக நின்றுவிட்டது, குமுதா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள், "சவ்வரிசி... பாயசமா" என்றாள், ஸ்ட்ரோக் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும் அவளுடைய நக்கலை எந்தப் பக்கமும் இழுக்க முடியவில்லை... இப்போது என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் மாறுகிற நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வலது கை மடியில் கிடக்கிறது, அதன்மேல் இடது கையை வைத்திருக்கிறாள், தூங்குகிற பிள்ளையை விழாமல் பிடித்திருக்கிற மாதிரி. எங்கள் நம்பர் வர இன்னும் நேரம் இருக்கிறது. உள்ளே ஹுமைரா என்று ஒரு பெண், விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிறவள், இன்றைக்கு வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பாள், பவுடர் போடாத தண்ணீர். குமுதா இருமாமல் விழுங்கிவிட்டால் அவ்வளவுதான், பவுடர் டின்னைத் தூக்கிப் போட்டுவிடலாம், ஸ்பூன் வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார வேண்டாம், கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போகலாம். இருமினால்... இருமினால் இன்னும் ஒரு மாதம், ஆனால் வேலை ஒரு மாதம் நிற்காது.

நேற்று சாயங்காலம் லோகன் போன் பண்ணினான், ஹைவே ஓரத்தில் புல் வெட்டுகிற எங்கள் கும்பலுக்கு அவன்தான் மேஸ்திரி, என்னைவிட வயதில் சின்னவன், "சபா அண்ணே, நானும் எத்தன தடவதான் பாஸ்கிட்ட கத சொல்றது, திங்கக்கிழம லோரியில ஏறலன்னா வேற ஆளப் போட்டுருவாரு லா" என்றான், நான் சொன்னேன், நாளைக்கு டெஸ்ட் இருக்கு, உங்க அண்ணி பாஸ் பண்ணிட்டா திங்கக்கிழமை வந்துடறேன் என்று, "என்னண்ணே, அண்ணிக்கு இந்த வயசுல எஸ்பிஎம் பரீட்சையா" என்று சிரித்தான், நானும் சிரித்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது, கட்டிலில் இருந்த குமுதா மட்டும் சிரிக்கவில்லை. பயமாக இருந்திருக்கும். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது, எதற்குப் பயம் என்றுதான் தெரியவில்லை, பாஸ் பண்ணிவிடுவாளோ என்றா, பெயிலாகிவிடுவாளோ என்றா... இது என்ன புத்தி, பெண்டாட்டிக்குக் குணமானால் சந்தோஷப்படாதவன் இருப்பானா.

ஸ்ட்ரோக் வந்த அன்றைக்கு அவள் சிங்க்கில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், மீன் விழுந்த சத்தம் கேட்டது, பிறகு அவள் விழுந்த சத்தம், கிள்ளானில் அன்றைக்குப் பேய் மழை, ஆம்புலன்ஸ் வர நேரமாகி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள், குழாயை எடுத்த பிறகு ஒரு நாள், தாகம் தாகம் என்கிறாளே என்று நான்தான் பாட்டில் மூடியில் துளி தண்ணீர் கொடுத்துவிட்டேன். முதலில் சத்தமே வரவில்லை, அதுதான் பயங்கரம், கண் மட்டும் பெரிதாகப் போயிற்று, இடது கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது, அதற்கப்புறம்தான் இருமல், முகம் கறுத்து, கண்ணில் நீர் வழிந்து, இருமி முடித்துப் பேசினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி களகளவென்று... நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து என்னை ஏசினாள், நல்லாத்தான் ஏசினாள். தண்ணீர் வேகமாக ஓடிவிடுகிறது, இவள் தொண்டை மெதுவாகத்தான் மூடுகிறது, நெஞ்சுக்குள் போய்விடும், அதனால் எதைக் கொடுத்தாலும் பவுடர் போட்டுத் தேன் மாதிரி ஆக்கி, ஸ்பூனில், ஒரு வாய் கொடுத்தால் அது இறங்கும்வரை பொறுத்து, பிறகுதான் அடுத்த வாய் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பொறுத்தல் இருக்கிறதே... நான் எதற்கும் பொறுத்தவன் இல்லை. விடியுமுன்னே ஃப்ளாட் கீழே லோரி வந்து ஹார்ன் அடிக்கும், நின்றபடியே தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு படியில் இறங்கி ஓடுவேன், குமுதா எப்போது குடிப்பாள், எதில் குடிப்பாள், உட்கார்ந்தா நின்றா, இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது, கேட்டால் சொல்கிறாள், உங்க கோப்பையில மிச்சம் இருக்குமே, அதுல சுடுதண்ணி ஊத்திக் குடிப்பேன் என்று. அவளுக்கு இஞ்சி போட்டால்தான் பிடிக்குமாம். எனக்கு இஞ்சி ஆகாது என்று வீட்டுத் தேத்தண்ணியில் இஞ்சியே விழுந்ததில்லை. இப்போது நான்தான் நசுக்கிப் போடுகிறேன், நானும் அதையே குடிக்கிறேன், ஆகாமல் ஒன்றும் போய்விடவில்லை.

ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் என்ன செய்வது, ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா, அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. மேல்மாடிப் பொம்பளை பிழியாத துணியைக் காயப்போட்டு நம் துணியை நனைக்கிற கதை, செமினியில் இருக்கிற மகள் விஷ்ணுப்ரியா மாமியாரோடு பேசுகிறாளா பேசவில்லையா என்கிற கதை... ஒரு நாள் இவளாகச் சொன்னாள், சொல்லுக்குச் சொல் நின்று நின்று, அந்தக் காலத்தில் விஷ்ணுப்ரியா பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு காலையில் கோமுட்டர் ரயில் ஏறித் தனியாகப் பிரிக்பீல்ட்ஸ் போனாளாம், கடைகடையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாளாம், ஒரு கிண்ணம் ஐஸ் செண்டோல் வாங்கி உட்கார்ந்து தின்றுவிட்டு, பிள்ளை வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். யாரோடு போனே என்றேன், தனியா, என்ன வாங்கினே, ஒண்ணும் வாங்கல, பிறகு எதுக்குப் போனே, சும்மா. எனக்கு முதலில் கோபம் வந்தது, ஏன் என்கிட்ட சொல்லல என்று, பிறகு அன்றைக்கு நான் எந்த ஹைவே ஓரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன், சுங்கை பூலோ பக்கமா, பெட்டாலிங் ஜெயா பக்கமா, எங்கேயோ மூஞ்சி முழுக்கப் புல்லும் மண்ணும் தெறித்து நிற்கும்போது என் பெண்டாட்டி பிரிக்பீல்ட்ஸில் செண்டோல் தின்றிருக்கிறாள், நினைத்தால் சிரிப்பு வந்தது, நல்ல வேளை தின்றாள் என்றிருந்தது. அடுத்த ஸ்பூனைக் கொடுத்தேன். செண்டோல் எப்படி இருந்துச்சு என்றேன். "சீனி... பத்தல" என்றாள்.

நம்பர் வந்துவிட்டது. ஹுமைரா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், தலையில் துணி கட்டி, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள், நாகூர்ப் பக்கத்து வம்சம் என்று போன தடவை சொன்னாள், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறாள். "வாங்க ஆன்டி, இன்னிக்கு எப்படி, அங்கிள் நல்லாக் கவனிக்கிறாரா" என்று கேட்டாள், குமுதா என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "புது... வேலைக்காரன்... பரவால்ல" என்றாள், ஹுமைரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலில் ஆ சொல்லச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள், தொண்டையின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள், வெறும் தண்ணீர், என் வாய் தானாகத் திறந்தது, இறங்கிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு ஸ்பூன், அதுவும் இறங்கியது, நான் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு பிளாஸ்டிக் கப்பைக் குமுதாவின் இடது கையில் கொடுத்து, மெதுவாக, நீங்களே குடிங்க ஆன்டி என்றாள். குமுதா கப்பைத் தூக்கினாள். ஒரு வாய் போயிற்று, தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன், முடிந்தது, பாஸாகிவிட்டாள், திங்கட்கிழமை லோரி என்று நினைக்கிறேன், அப்போது இருமினாள்.

எனக்குத் தெரியும் அந்த இருமல். தண்ணீர் தவறிப்போகிற இருமல் இல்லை அது, கண் பெரிதாகவில்லை, கை சட்டையைத் தேடவில்லை, கப்பைக்கூட நேராகப் பிடித்திருந்தாள், கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. இது வேற இருமல். கல்யாண வீட்டில் அவள் அண்ணன் முன்னால் நான் வாயைக் கொடுக்க ஆரம்பித்தால் வருமே அது, பின்னால் தண்ணி போடுகிற கூட்டத்தோடு நான் இரண்டாம் தடவை எழுந்தால் பொம்பளைகள் வரிசையிலிருந்து வருமே அது, கிகிக்கென்று இரண்டு வெட்டு, சபாபதி போதும் உட்கார் என்று அர்த்தம், அதைக் கேட்டு எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன், இருட்டில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஹுமைரா நெற்றியைச் சுருக்கினாள். ஆ சொல்லுங்க ஆன்டி. ஆ. குரல் கணீரென்று வந்தது, களகளப்பு இல்லை. இன்னொரு வாய், இன்னொரு தடவை அதே கிகிக். "சத்தம் நல்லாத்தான் இருக்கு, தொண்டையும் நல்லா ஏறி எறங்குது, ஆனா இருமுறாங்களே... வீட்ல எப்படி அங்கிள், எச்சி முழுங்கறப்ப, வாய் கொப்பளிக்கறப்ப, இப்படி இருமல் வருமா" என்று என்னைக் கேட்டாள். வராது. ஒரு வாரமாகவே வரவில்லை. அதைச் சொன்னால் போதும். குமுதா என்னைப் பார்க்கவில்லை, கப்பில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடி பைத்தியமே, அந்தக் காலை நேரத்துக்காகவா, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவா இப்படிப் பொய்யாக இருமுகிறாய், அது போய்விடும் என்றா... லோகன் நினைவுக்கு வந்தான், லோரி, பாஸ், மகள் அனுப்புவதை வைத்து வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது, அத்தனையும் பார்த்துக்கொண்டே என் வாய் சொன்னது, "வீட்லயும் இப்படித்தாம்மா, இருமுறா." ஹுமைரா எழுதிக்கொண்டாள். சரி, அவசரம் வேண்டாம், பவுடரை விடாதீங்க, அடுத்த மாசம் பார்ப்போம் என்றாள். எனக்கு என்னவோ பெரிதாக ஒன்றை வாங்கிக் குமுதாவின் மடியில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நடைபாதையில் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன், லிஃப்ட் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, முன்னால் வந்து, பொய்யா இருமுனே இல்ல என்றேன். பாதி வாயால் சிரித்தாள். "நீங்க மட்டும்... நெசமா... சொன்னீங்க." அதுவும் சரிதான். எனக்குத் தெரியும் குமுதா, நீ ஏன் இருமுனேன்னு எனக்குத் தெரியும், அந்தத் தேத்தண்ணி நேரம்தானே, என்றேன், சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "தேத்தண்ணியா... ச்சீ... பசை மாதிரி... நாக்குல ஒட்டிக்கிட்டு... அத யாரு குடிப்பா." பிறகு எதுக்கு என்றேன். இடது கையை நீட்டி என் வலது கையைப் பிடித்தாள், திருப்பினாள், விரல்களை நீட்டி வைத்துப் பார்த்தாள், பாசாரில் மீன் பார்க்கிற மாதிரி. "இது... நின்னுருச்சு. முன்ன... தூக்கத்துலகூட... ஆடும். மொதல்ல பாதி... என் நைட்டியிலதான... ஊத்துனீங்க. இப்ப... ஒரு சொட்டு... விழல. மறுபடி... அந்த மெஷின... தோள்ல மாட்டுனா..." மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொண்டாள். புல் வெட்டுகிற மெஷின் நாள் முழுக்க உதறும், அணைத்த பிறகும் கைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அது எல்லாருக்கும் இருப்பதுதான், லோகனுக்கும் இருக்கிறது, நான் அதை ஒரு நோவாகவே நினைத்ததில்லை, அவளிடம் சொன்னதும் இல்லை. வாயில சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்றேன். "சொன்னா... கேட்டுருவீங்க."

லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு நின்றேன். லோகனிடம் பேசிப் பார்க்க வேண்டும், மெஷின் வேண்டாம்டா, வெட்டின புல்லை வாருகிற வேலை இருந்தால் கொடு என்று, அடுத்த மாதம்தான் வர முடியும் என்று, ஏசுவான், கொடுத்தாலும் கொடுப்பான், கொடுக்காவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்... அது ஓடவில்லை என் தலையில், வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்தக் காலை நேரம்? அவள் அதற்காக இருமவில்லை. அவளுக்கு அது பசை. நான்தான் அவளுக்காக என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னேன், யாருக்கு அது வேண்டியிருந்தது, இஞ்சி நசுக்கும்போதே இன்றைக்கு என்ன கதை சொல்வாள் என்று காத்திருந்தது யார், நேற்று லோகன் போனை வைத்த பிறகு நெஞ்சுக்குள் ஒன்று அடைத்ததே, அது... கேட்டுவிடலாம், இதோ பக்கத்தில்தான் இருக்கிறாள், நான் உட்கார்ந்திருப்பது உனக்குக் கொஞ்சமாவது பிடித்திருந்ததா என்று, இத்தனை வருடக் குடித்தனத்தில் கேட்டிராத கேள்வி, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே கூட்டம், ஒரு மலாய்க்கார அம்மா ஒதுங்கி இடம் விட்டார். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்து ஏற்றினேன். குமுதாவின் உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது, வகிட்டைக் கோணலாக எடுத்துவிட்டிருந்தேன், காலையில் அவசரத்தில்.