ஒட்டகத்துக்கு ஒரு குடை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டியது.

இந்தச் செவ்வாய்க்கிழமை. மும்பை காட்கோபரில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் ஒரு கொட்டேஷனை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஒட்டகம் எழுதுனது நீங்கதானா?"

பெண் குரல். ஆமாம் என்றேன். மூன்று வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய ஒரே படப் புத்தகம் அது. பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. பதிப்பாளர் பின்னட்டையில் தன் எண்ணைப் போடுவதற்குப் பதிலாக என் எண்ணைப் போட்டுவிட்டார். அதைப் பார்த்து வந்த முதல் அழைப்பு கேஸ் சிலிண்டர் கேட்டது. இது இரண்டாவது.

"திருவேங்கடம் பேசறேன். புத்தகம் பிடிச்சிருந்ததா?"

"புடிச்சதுனாலதான் சார் பிரச்சினையே. ஒங்க ஒட்டகத்தால எங்க வீட்டுல சண்ட. தாராவி வரைக்கும் ஒரு நட வந்துட்டுப் போங்க."

இலக்கியத்தால் வீட்டில் சண்டை வந்ததென்று கேட்டு எந்த எழுத்தாளன் மகிழாமல் இருப்பான்? மகிழ்ந்தேன். வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாராவியின் குறுகிய சந்துகளில்—"

வேண்டாம். தாராவியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அங்கே ஏற்கனவே நெரிசல்.

தொடக்கம் இரண்டு: "சஃப்ரீன் தன் மகளின் எதிர்காலத்துக்காக எதையும் தியாகம் செய்யத் துணிந்த ஒரு—"

இதை நிறுத்தியது நானல்ல. போனில் பேசிய அந்தப் பெண், சஃப்ரீன். எழுதுவதையெல்லாம் உடனுக்குடன் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அனுப்பினேன். பதில் வந்தது.

[சஃப்ரீன்: தியாகமெல்லாம் ஒண்ணுமில்ல சார். பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க எனக்குப் புடிச்சிருக்கு. அத எழுதுங்க.]

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல் உள்ளதை உள்ளபடி: சஃப்ரீனின் கணவர் முகைதீன் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. அவர்கள் மகள் உமைராவுக்கு நான்கு வயது. ஜூன் மாதம் அவளை ஒரு நர்சரியில் சேர்த்தார்கள். அங்கே இங்கிலீஷ் மட்டும்தான். தமிழோ இந்தியோ வாயில் வந்தால் டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். உமைராவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஐந்தாறு வார்த்தை. அது தீர்ந்ததும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். முதலில் நர்சரியில், பிறகு வீட்டிலும்.

ஐந்தாவது வாரம் சஃப்ரீன் அவளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். "நானே சொல்லிக் குடுத்துக்கிடுதேன்" என்றார். முகைதீன் அரை மனதாகத் தலையாட்டினார்.

3

வீட்டுப் பள்ளிக்கூடம் என்றதும் நான் சுவரெல்லாம் வண்ண அட்டைகளைக் கற்பனை செய்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. நேரில் போய்ப் பார்த்த பிறகு அடித்துவிட்டேன்.

சஃப்ரீனின் பள்ளிக்கூடம் ஓர் இட்லித்தட்டு. பட்டறையில் கிடக்கும் பை வார் பக்கிள்களைக் குழிக்கு ஒரு நிறமாகப் பிரித்துப் போட வேண்டும்: பித்தளை, வெள்ளி, கறுப்பு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அளவுப் பாடம். எத்தனை மக் ஊற்றினால் ஒரு குடம்? பையின் உள்ளே வைக்கும் ஸ்பாஞ்சில் மிஞ்சிய துண்டுகள் வட்டமும் சதுரமும் ஆகும். ஏணியில் ஏறும்போது ஒன்றிலிருந்து பதினொன்று, இறங்கும்போது தலைகீழாக.*

மத்தியானம் படப் புத்தகம். மாதுங்காவில் வாங்கிய ஏழு புத்தகங்கள். அதில் ஒன்று என்னுடையது. (மற்ற ஆறையும் நான் புரட்டிப் பார்த்தேன். படங்கள் பரவாயில்லை.)

உமைரா எல்லாவற்றையும் செய்தாள். பக்கிளைப் பிரித்தாள், தண்ணீரை அளந்தாள், கேட்ட படத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். ஆனால் வாய் திறக்கவில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ஏணியில் எண்ணுவதும் சஃப்ரீன்தான்; அவள் உதட்டை மட்டும் அசைப்பாள்.

இனி என் ஒட்டகம். அது மழையில் கடை கடையாக ஏறிக் குடை கேட்கிறது. எந்தக் குடையும் அதன் திமிலுக்குப் போதவில்லை. கடைசிப் பக்கத்தில் தேடுவதை விட்டுவிட்டு மழையில் ஆடுகிறது. வரி இதுதான்: "நனைந்தால் என்ன? மழை எவ்வளவு இனிமை!"

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள். அந்த வரியை முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ சஃப்ரீன் வாசித்து முடித்தபோது, மடியில் இருந்த பிள்ளை சொன்னாள்:

"ஒட்டகத்துக்குக் கொட குடுக்கல."

இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "புஸ்தகத்தக் கீழ போட்டுட்டேன் சார்" என்று சஃப்ரீன் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் எழுத்து ஒரு பிள்ளையைப் பேச வைத்தது என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அவள் பேசியது புகார். அன்றிலிருந்து நிறுத்தவும் இல்லை.

*பதினொன்றுக்கு மேல் உமைராவுக்குத் தெரியாது. பன்னிரண்டாவது படி இல்லை.

4

இப்போது சம்பவம். இதில் நான் நேரில் இல்லை, அதனால் நன்றாக எழுத முடியும்.

தாதரில் உள்ள ஒரு கடைக்காரப் பார்ட்டிக்குத் தீபாவளிக்குள் மஞ்சள் கைப்பைகள் அனுப்ப வேண்டும். பதினான்கு ஆட்டுத்தோல்களை ஒரே தொட்டியில் சாயம் போட்டு வாங்கியிருந்தார் முகைதீன். ஒன்று வீணானால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் அது வேறு மஞ்சளாக இருக்கும்.

பட்டறையில் ஒரு முறை உண்டு. முகைதீன் அட்டை அச்சைத் தோலின் மேல் வைத்து வெள்ளி மைப் பேனாவால் கோடு போடுவார். வெயிலுமுத்து அண்ணாச்சி வெட்டுவார். பதினெட்டு வருடமாக வெட்டுகிறார். கோடு போட்டவரிடம் வெட்டுகிறவர் கேள்வி கேட்கக் கூடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தால் தீபாவளிப் பை ஹோலிக்குத்தான் போகும்.

இந்தத் திங்கட்கிழமை முகைதீன் ஜிப் வாங்க தாதர் போயிருந்தார். அண்ணாச்சி சாயா குடிக்கப் போயிருந்தார். அந்த வாரப் பாடம் வட்டமும் அரை வட்டமும். உமைரா சாப்பாட்டுத் தட்டோடு பதினோரு படி இறங்கி வந்தாள். மஞ்சள் தோலின் நட்டநடுவில் தட்டை வைத்தாள். வெள்ளி மைப் பேனாவால் அரை வட்டம் போட்டாள். அதன் கீழே வளைந்த ஒரு கைப்பிடி. வேலை முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

சாயா முடிந்து வந்த அண்ணாச்சி கோட்டைப் பார்த்தார். வெட்டினார். ஏதோ புது சாம்பிள் என்று நினைத்து ஓரத்தையும் நன்றாகத் தேய்த்து வைத்தார்.

திரும்பி வந்த முகைதீன் கத்தவில்லை, அடிக்கவில்லை. மஞ்சள் தோலில் இருந்த குடை வடிவ ஓட்டையைப் பார்த்துவிட்டு, ஏணியில் பாதி ஏறி நின்று மனைவியிடம் சொன்னார்:

"பட்டறையும் பள்ளிக்கூடமும் ஒரே எடத்துல சரிப்படாது. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு நர்சரியில போயிப் பேசிட்டு வாரேன். திங்கள்லேர்ந்து போகட்டும்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதனால் அவர் பார்க்கவில்லை. சஃப்ரீன் பார்த்தார். இட்லித்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உமைரா உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

5

புதன்கிழமை மாலை நான் போனேன். குடையோடுதான் போனேன், மழை.

"வாங்க சார்" என்றார் முகைதீன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு ஓட்டைத் தோலை எடுத்து என் மடியில் விரித்தார். "ஒங்க ஒட்டகத்தால எம் மாலு கராப் ஆயிட்டு. கடைசிப் பக்கத்துல ஒரு கொடயக் குடுத்திருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்? எனக்கு ஒரு தோலு மிஞ்சியிருக்கும்லா."

இந்தப் புத்தகத்துக்கு வந்த ஒரே விமர்சனம் இது. அண்ணாச்சி உதவிக்கு வந்தார், தனக்காக.

"கோடு சுத்தமா இருந்திச்சு சேட். ஒரு நடுக்கம் கெடயாது."

"நாலு வயசுப் பிள்ள போட்ட கோடு வே அது!"

"கோட்டுல வயசா எழுதியிருக்கு?"

முகைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. (சிரித்தார் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அடித்திருக்கிறேன்.)

மேலே போனேன். பதினோரு படிதான், எண்ணினேன். உமைரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் கொட குடுக்காதவரா?"

வரும் வழியில் ரயிலில் ஒரு விளக்கம் தயார் செய்திருந்தேன். ஆசைப்பட்டது கிடைக்காதபோதும் ஆனந்தமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். நான்கு வயதுக்கு ஏற்றபடி குனிந்து சொன்னேன்: "மழையில நனையறது ஜாலியா இருக்கும் இல்லையா?"

"ஒங்க வீட்டுக்குள்ள மழ வருமா?"

"வராது. செம்பூர்ல நாலாவது மாடி."

"எங்க வீட்டுக்குள்ள வரும்" என்று மூலையில் இருந்த வாளியைக் காட்டினாள். டப், டப் என்று சொட்டிக்கொண்டிருந்தது. "ஒட்டகத்துக்கு வீடே இல்ல."

இன்னோர் உண்மையும் சொல்லிவிடுகிறேன். கதையின் முதல் வரைவில் ஒட்டகத்துக்குக் குடை கிடைத்திருந்தது. நான்தான் எடுத்தேன். குடை கிடைப்பது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, ஆழம் இல்லை என்று தோன்றியது. நாலாவது மாடியில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் தோன்றும்.

உமைரா புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் அண்ணாச்சி வெட்டிய மஞ்சள் தோல் குடை, பட்டறை சொல்யூஷனால் ஒட்டப்பட்டு, ஒட்டகத்தையும் என் வரியையும் சேர்த்து மூடியிருந்தது. திமிலுக்குச் சரியாகப் போதுமான அளவு. ஒரே குறை, தோல் தடிமன். புத்தகம் இப்போது மூட மாட்டேன் என்கிறது.

6

முடிவுகள்.

அ) தாதர் பார்ட்டி எதேச்சையாகப் பட்டறைக்கு வருகிறார். குடையைப் பார்க்கிறார். "அரே, இது என்ன டிசைன்! இப்படியே ஐநூறு பை போடுங்கள்!" முகைதீன் மகளைத் தூக்கிச் சுற்றுகிறார்.

[சஃப்ரீன்: பார்ட்டி வரவேயில்ல சார். போன்லதான் பேசுனாரு. மால் எப்ப வரும்னு மட்டும்தான் கேட்டாரு.]

ஆ) திங்கட்கிழமை காலை. உமைராவுக்குத் தலை வாரி, நீலச் சட்டை போட்டு, தண்ணீர் பாட்டிலை மாட்டிவிடுகிறார்கள். அவள் பதினோரு படியும் எண்ணாமல் இறங்கி, நர்சரி வாசலில் நின்று, உதட்டில்—

இல்லை. என்னால் முடியாது.

இ) முகைதீன் நர்சரிக்குப் போகவில்லை. "இன்னும் ஒரு வருசம் இங்கேயே படிக்கட்டும்" என்கிறார்.

எழுதும்போது சுலபமாக இருந்தது, ஒன்றரை வரிதான். ஆனால் இப்படித்தான் போன தடவையும் யாரையும் கேட்காமல் ஒரு கடைசிப் பக்கம் எழுதினேன். ஒரு நல்ல தோல் போயிற்று.

7

இன்று வியாழன். இதுவரை "வாசகரே" என்று நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது.

நேற்று கிளம்பும்போது சஃப்ரீன் ஏணியடி வரைக்கும் வந்தார். "இத எழுதிக் குடுங்க சார். நா சொன்னா அவுக அது சண்டைன்னு நெனச்சுக் கீழ எறங்கிருவாக. கதைன்னா ஒக்காந்து கேப்பாக" என்றார். முகைதீன் தமிழில் கடை போர்டுக்கு மேல் வாசிக்க மாட்டார். அதனால் இன்று சாயங்காலம் பட்டறையில் சாயா நேரத்தில் சஃப்ரீன் இதை அவருக்கு வாசித்துக் காட்டப்போகிறார். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும்; இருக்கலாம், ஆனால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

முகைதீன் பாய், சாயா ஆறியிருக்கும். பெரிய கதையாகப் போய்விட்டது.

அந்தத் தோலுக்கு நான்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டறையில் பிள்ளை பேனாவை எடுத்தது தப்பு, அதுவும் சரி. ஆனால் திங்கட்கிழமை நீங்கள் இறங்கிய பிறகு அவள் விரலை எங்கே வைத்தாள் என்பதும், நேற்று நீங்கள் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மேலே என்னை எப்படி மடக்கினாள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது பாய். அவள் மறுபடி பேசாமல் போய்விடுவாளோ என்று உண்மையாகவே பயமாக இருக்கிறது.

கடைசிப் பக்கத்தை நான் எழுதப்போவதில்லை. அது நாளை ஜும்மாவுக்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டறைச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறலாமா? வெட்டுவதற்கு முன்னால் கோடு போட்டவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

மேலேதான் இருக்கிறாள். பதினோரு படி. கேட்டால் இப்போது பதில் சொல்கிறாள்.