அண்ணன் பேரில்

"செத்துப்போனவர் பேரு என்னம்மா?" என்று போலீஸ்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

தாஹிரா பிணவறை வாசலில், பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் புருஷன் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "கேட்டீங்களா", "இங்க பாருங்க" என்றே காலம் ஓடிவிட்டது.

"பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க. நீ சொல்லுப்பா," என்று போலீஸ்காரர் அவளுடைய தம்பி லால் பாஷாவைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். அவளுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். லால் பாஷா குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"அக்பர் பாஷா," என்றாள் தாஹிரா.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். உள்ளே கிடந்த அவள் புருஷன் பேர் கௌஸ் மொய்தீன். அக்பர் பாஷா அவனுக்கு அண்ணன். அந்த நேரத்தில் அவர் ஊரில், ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில், தம்பியின் மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவளை உருட்டுக் கட்டையால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நாற்பது நாளைக்கு முன்னால் நடந்த கூத்து இது. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகக்கூடாது என்று கெடுபிடி இருந்த வருஷம். தமிழ்நாட்டு அரிசிக்குக் கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கம் நல்ல விலை. அக்பர் பாஷாவின் மாட்டு வண்டியில், வைக்கோலுக்கு அடியில் ஒன்பது மூட்டை போயிற்று. ஓட்டிப்போனவன் கௌஸ். செக்போஸ்டில் வைக்கோலைக் குத்திப் பார்த்துவிட்டார்கள். வண்டித் தகட்டில் இருந்த பேரைப் படித்து, "யார்ரா அக்பர் பாஷா?" என்று கேட்டார்கள்.

"நான்தாங்க," என்று இவன் சொல்லிவிட்டான்.

யாரும் சொல்லச் சொல்லவில்லை. அண்ணன் மகள் அதியாவுக்குப் ஐந்து வாரத்தில் நிக்காஹ். அப்பனைப் பிடித்துப் போனால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கொஞ்ச நாள்தானே, குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். வீட்டிலும் அதையேதான் நினைத்தார்கள். ஜாமீன் கேட்கலாம் என்றால், ஜாமீன்தாரரையும் ஆளையும் கிராம அதிகாரி வந்து அடையாளம் சொல்ல வேண்டும். அவர் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அதனால் ஜாமீனும் கேட்கவில்லை. வாய்தா இரண்டு தடவை தள்ளிப்போயிற்று.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்திருந்தார்கள். கௌஸ் டிபிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக டவுன் ஆஸ்பத்திரியில் தினம் ஊசி, மாத்திரை. இருமல் நின்று, கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. மறந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தாஹிரா மறக்கவில்லை. நாலாம் நாளே ஆஸ்பத்திரி அட்டையையும் மாத்திரையையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஜெயிலுக்குப் போனாள்.

ஜெயிலில் தனி டாக்டர் கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் ஒரு கம்பவுண்டர் பெட்டியோடு வருவார். அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"கௌஸ் மொய்தீன்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறவரு அக்பர் பாஷா. யாரும்மா இந்த கௌஸ்?"

பின்னால் வார்டர் நின்றிருந்தார். தாஹிரா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் கொழுந்தனாருங்க."

"நல்லா இருக்குது. கொழுந்தன் மருந்தைப் புருஷனுக்குக் குடுப்பியா? இது என்ன தலைவலி மாத்திரையா? அவருக்கு டிபின்னா சளி எடுத்துப் பாக்கணும். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எஸ்கார்ட் எழுதிப் போடுறேன்."

எழுதிப் போட்டார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் எஸ்கார்ட் போலீஸ் வந்து சேரவில்லை.

கம்பிக்குப் பின்னால் கௌஸ் ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்டான். "மருந்து கொண்டாந்தியா?" அவள் இல்லையென்று தலையசைப்பாள். பிறகு, "சரி விடு. நிக்காஹ் முடியட்டும். அண்ணன் வந்து உண்மையைச் சொல்லிடுவாரு," என்பான்.

நிக்காஹ் முடிந்தது. பிரியாணி மணக்க மணக்க முடிந்தது. தாஹிரா அன்று ராத்திரியே வஜிஹாவிடம் போனாள். வஜிஹா அக்பர் பாஷாவின் மனைவி.

"அக்கா, அவருக்கு ரத்தம் வருதுக்கா. உங்க வீட்டுக்காரரைப் போய்ச் சொல்லச் சொல்லுங்க."

"புள்ள போன வீட்ல இன்னும் மெஹந்திகூட அழியல தாஹிரா. இப்பச் சொன்னா அவளைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு வாரம் பொறு."

பொறுத்தாள். அந்த ஒரு வாரத்துக்காகத் தன்னை அவள் மன்னிக்கப்போவதில்லை. நேராக வார்டரிடம் போய், "இவர்தான் கௌஸ்" என்று சொல்லியிருக்கலாம். கால் இருந்தது, வாய் இருந்தது. ஆள்மாறாட்டத்துக்குத் தனி கேஸ் போடுவார்கள் என்று லால் பாஷா பயமுறுத்தியதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறாம் நாள் தகவல் வந்தது.

தாசில்தார் விசாரணை முடிந்து, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் கௌஸை அடக்கம் செய்தார்கள். குளிப்பாட்டும்போது விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்ததாம். அக்பர் பாஷா தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாராம், லால் பாஷா சொன்னான். ஜமாத்துக்கு எல்லாம் தெரியும். சர்க்காருக்குத்தான் தெரியாது.

புருஷன் செத்து இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது என்று தாஹிராவை உள்ளறையில் உட்கார வைத்து, வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓத ஆட்கள் வந்துபோன பிறகு, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் டிபி நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சிஸ்டர் மேரிராணி.

"கௌஸ் மொய்தீன் வீடு இதானே? ஒன்றரை மாசமா ஊசிக்கு வரல. ரெண்டு லெட்டர் போட்டோம்."

கூடத்தில் அக்பர் பாஷா இருந்தார். வஜிஹாதான் முந்திக்கொண்டாள். "அவரு மௌத்தாயிட்டாரும்மா. இன்னிக்கு மூணாம் நாளு."

"ஐயோ. எங்க, ஆஸ்பத்திரியிலயா?"

"வீட்லதான்."

மேரிராணி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தாள். அலுப்போடு பேசினாள், கோபமில்லை. "எல்லாரும் இப்படித்தான்க்கா. ரெண்டு மாசம் சாப்பிட்டு உடம்பு கொஞ்சம் தேறிடுச்சுன்னா மருந்தை விட்டுடுவாங்க. தலைப்பாடா அடிச்சுக்கிறோம், யாரு கேக்குறா?" சொல்லிக்கொண்டே எழுதினாள். "நோயாளி தானாகவே மருந்தை நிறுத்திவிட்டார்."

திரைக்குப் பின்னால் தாஹிரா எழுந்து நின்றாள்.

"அவரு நிறுத்தல சிஸ்டர்."

மேரிராணி திரும்பிப் பார்த்தாள். சேலை மட்டும்தான் தெரிந்தது.

"தெனமும் கேட்டாரு. நான் போறப்பல்லாம் மருந்து கொண்டாந்தியான்னுதான் கேட்டாரு. நிறுத்திட்டாருன்னு எழுதாதீங்க. அவரு தலையில அதையும் போடாதீங்க."

"கேட்டாருன்னா ஏம்மா குடுக்கல?"

"தாஹிரா," என்று வஜிஹா மெதுவாகச் சொன்னாள். வெளியே மாடு தண்ணீர்த் தொட்டியை முட்டும் சத்தம் கேட்டது. தாஹிரா சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பேரில் ஜெயிலில் இருந்தார் என்ற ஒரே ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் கூடத்தில் இருந்தார்; இந்த முறை, கல்லே விழுந்தாலும், தான் சொல்வதில்லை என்று நின்றாள்.

"அடிச்சிடுங்க," என்றார் அக்பர் பாஷா.

"என்னதுங்க?"

"நிறுத்திட்டாருன்னு எழுதினதை அடிச்சிடுங்க. அவன் வீட்ல சாகல. ஜெயில்ல செத்தான். மருந்து கேட்டுக்கிட்டே செத்தான்."

மேரிராணி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். "நீங்க யாருங்க?"

"அவன் அண்ணன்."

"சொன்னவர் பேரு போடணும். உங்க பேரு?"

வஜிஹா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் மனைவியைப் பார்க்கவில்லை.

"அக்பர் பாஷா," என்றார். "ஜெயில் புஸ்தகத்துல மூணு நாளைக்கு முன்னால செத்துப்போனதா எழுதியிருக்கே, அந்த அக்பர் பாஷா."

திரைக்கு அந்தப் பக்கம் தாஹிரா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.