முதல் பெஞ்சில் ஒரு மேடம்

காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வகுப்புக்குள் வரும். ஒன்பது ஐம்பதுக்கே வெற்றிச்செல்வி முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். புடவை இல்லை, சுடிதார். கழுத்தில் ஆசிரியர்களுக்கான நீல அடையாள அட்டை நாடாவைக் கழற்றிவிட்டு, மாணவர்களுக்கான சிவப்பு நாடாவை மாட்டியிருந்தாள்.

"மேடம், சுடிதார்ல சின்னப் புள்ளையாட்டம் இருக்கீங்க" என்று பின்னாலிருந்து குனிந்தான் ரஞ்சித்குமார்.

"இன்னைக்கு மேடம்னு கூப்பிட்டே, இன்டர்னல் மார்க்குல கை வச்சிருவேன்."

"சரிங்க மே... சரி வெற்றி!"

பெஞ்சுகள் குலுங்கின. அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி நின்ற அந்தத் தனியார் கல்லூரியில், எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு மூன்று வருடமாக மெஷர் தியரி என்னும் அளவைக் கோட்பாடு நடத்துவது அவள்தான். பூலாம்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்து நடத்திய அத்தனை மணி நேரத்துக்கும் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அனுபவச் சான்றிதழ். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். சான்றிதழ் இருந்தால் மூன்று வருடத்துக்கும் மார்க் உண்டு. இல்லாவிட்டால் தேர்வுப் பட்டியலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

போன வாரம் முதல்வர் கலைச்செல்வன் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பன்னெண்டு பேர் இருந்தாதாம்மா கோர்ஸ் நிக்கும். இருக்கறது பதினொண்ணு. நீங்க ஒரு நாள் உக்காந்துட்டா முடிஞ்சுது."

"அப்ப கிளாஸ் யாரு சார் எடுக்கறது?"

"நாமக்கல்லேருந்து டாக்டர் இளவரசன் வராரு. குழுவுக்குப் பி.எச்டி. காட்டணும்ல? அவரு சர்டிபிகேட் வருசம் பூரா நம்ம பைல்ல இருக்கு. ஆளு அன்னைக்கு ஒரு நாள் வரணும், அவ்வளவுதான்."

"நான் எம்.எஸ்ஸி. முடிச்சவ சார். மறுபடியும் அதே எம்.எஸ்ஸி.யா?"

"யாரு பாக்கப் போறா? ஆதார் கேப்பாங்க, அதனால உங்க பேர்லயே அட்மிஷன் போட்டாச்சு. இங்க ஒரு கையெழுத்து. ஆய்வு முடிஞ்ச மறுநாளே உங்க அனுபவச் சான்றிதழ் கையில."

போட்டாள். மூன்று இடத்தில்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. குழுத் தலைவி பேராசிரியர் ஜானகி. ஐம்பத்தைந்து வயது, கறுப்புப் பிரேம் கண்ணாடி. பின்னால் வழிந்த புன்னகையோடு கலைச்செல்வன். மேடையில் இளவரசன், கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார்.

ஜானகி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "நடத்துங்க சார். பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கற விகிதமுறு எண்கள் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. எல்லாம் சேர்ந்து எவ்வளவு நீளத்தை அடைக்கும்?"

இளவரசன் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். சாக்பீஸ் அங்கேயே நின்றது.

"அது வந்துங்க மேடம்... விகிதமுறு எண் பாதி, விகிதமுறா எண் பாதி. அதனால... அரை." கோட்டுக்குப் பக்கத்தில் 'அரை' என்று எழுதியும் வைத்தார்.

வெற்றிச்செல்விக்குக் காது சுட்டது. மூன்று வருடமாக முதல் வாரத்திலேயே தான் துடைத்து எறியும் தப்பு, தன் கரும்பலகையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஜானகியின் பேனா மூடி திறக்கும் சத்தம். வாசலில் கலைச்செல்வன் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினார். கோர்ஸ் போனால் சான்றிதழும் போகும்.

எழுந்தாள்.

"பூஜ்யம், மேடம்."

"எப்படிம்மா? எங்க தொட்டாலும் பக்கத்துல ஒண்ணு இருக்கே?"

"ஆமா மேடம், ஆனா எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் குடுக்க முடியும். பஸ்ல எடம் புடிக்கத் துண்டு போடுவோம்ல, அப்படி ஒவ்வொண்ணு மேலயும் ஒரு துண்டு. மொத எண்ணுக்கு அரை விரக்கடை, அடுத்ததுக்குக் கால், அடுத்ததுக்கு அரைக்கால். முடிவே இல்லாம போட்டாலும் மொத்தத் துண்டும் ஒரு விரக்கடையைத் தாண்டாது. அந்த விரக்கடையையும் எவ்வளவு வேணாலும் சின்னதாக்கலாம். அப்ப நீளம் பூஜ்யம்தான்."

ஜானகி கண்ணாடியைக் கழற்றினார்.

"அருமை. இந்தத் துண்டு உதாரணம் யாரு சொல்லிக் குடுத்தது?"

ரஞ்சித்குமார் வாயைத் திறந்தான். வெற்றிச்செல்வி கையைப் பின்னால் நீட்டி அவன் முழங்காலைக் கிள்ளினாள்.

"சார்தான், மேடம்."

இளவரசன் அதற்குள் தேறிவிட்டார். "பசங்க யோசிக்கட்டும்னுதான் தப்பாச் சொன்னேன் மேடம். நம்ம பொண்ணு புடிச்சிட்டா பாருங்க!"

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டு, ஜானகி தன் நோட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்தார். "அறிக்கையில உன்னைப் பத்தித் தனியா ஒரு பத்தி எழுதறேன். நல்லா படி."

மறுநாள் காலை வெற்றிச்செல்வி நீல நாடாவோடு முதல்வர் அறைக்குப் போனாள். மேசை மேல் லட்டு டப்பா.

"கோர்ஸ் தப்பிச்சிருச்சும்மா! எடுத்துக்குங்க."

"சான்றிதழ் சார். வெள்ளிக்கிழமை கடைசி."

கலைச்செல்வன் லட்டை மென்று விழுங்கும் வரை அவளைக் காக்க வைத்தார்.

"எப்படிம்மா குடுக்கறது? சிறந்த மாணவி வெற்றிச்செல்வின்னு அறிக்கையே போயிருக்கு. ஆதார் நம்பரோட. அதே ஆளு இங்க வாத்தியார்னு நான் எப்படி எழுதித் தரது?"

"நீங்க சொல்லித்தான சார் உக்காந்தேன்?"

"உக்காரத்தான் சொன்னேன். எந்திரிச்சுப் பதில் சொல்லச் சொன்னேனா? சும்மா இருந்திருந்தா பன்னெண்டுல ஒரு தலை. யாரும் பேரு கேட்டிருக்க மாட்டாங்க."

"வாசல்ல நின்னு கெஞ்சினீங்களே!"

"நான் வேர்வையத் தொடச்சுக்கிட்டு இருந்தேம்மா."

"குழுவுக்கே எழுதிப் போடுவேன் சார்."

"போடுங்க. மூணு கையெழுத்தும் உங்களுது. எனக்கு மெமோ வரும், டிரஸ்ட்டு பாத்துக்கும். உங்க மேல போலி அட்மிஷன்னு கேஸ் வந்தா அரசு வேலைய மறந்துருங்க." குரலைத் தணித்தார். "மூணாவது பீரியட் உங்களுதுதானே? பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் ஒண்ணு. அறிக்கைய மேலிடம் ஏத்துக்கறவரை அட்டெண்டன்ஸ்ல உங்க பேரு விடுபடக் கூடாது."

லட்டைத் தொடாமல் வெளியே வந்தாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கரும்பலகையில் நேற்றைய கோடும், பக்கத்தில் 'அரை'யும் அப்படியே இருந்தன. முதலில் அதை அழுத்தி அழித்தாள். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் படித்தாள். பதினொரு பேரும் "உள்ளேன் மேடம்" என்றார்கள்.

பன்னிரண்டாவது பேர் அச்சில் இருந்தது. அவள் படிக்கவில்லை.

"மேடம்" என்றான் ரஞ்சித்குமார் மெல்ல. "அதுக்கு ஆப்சென்ட் போட்டுருங்க மேடம்."

வெற்றிச்செல்வி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துத் தன் பேருக்கு நேரே 'வருகை' போட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.