பர்ஸ்ட் குரூப்பும் குரூப் ஒன்னும்

ஏட்டு தங்கப்பாண்டியன் ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஆண்டவனே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது. மகள் பானுப்பிரியா பத்தாவது தேறிய அன்றே ராஜபாளையத்துத் தங்கச்சிக்குப் போன் போட்டு, "பாப்பா பர்ஸ்ட் குரூப்பு எடுக்கா. பொறவு குரூப் ஒன் எழுதி நேரா டிஎஸ்பிதான்" என்று முழங்கிவிட்டார். பிளஸ் ஒன்னில் கணக்கும் அறிவியலும் படிப்பது பர்ஸ்ட் குரூப். அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதும் பரீட்சை குரூப் ஒன். இங்கே ஒன்று எடுத்தால்தான் அங்கே ஒன்று எழுதலாமாம். எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

பானுவுக்கோ கணக்கு வேப்பங்காய். வரலாறு குரூப் எடுத்து, பிறகு சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை வீட்டில் சொல்ல முடியுமா? குறுக்கு விசாரணையில் தன்னை நாக்குழற வைத்த வக்கீல்களை அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடத் திட்டுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் சேர்க்கைக்குப் போனபோது ஷீனா டீச்சர் சிரித்துவிட்டார். "குரூப் ஒன்னுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும் சார். இங்க எந்த குரூப் எடுத்தாலும் எழுதலாம். வரலாறு படிச்சா இன்னும் சௌகரியம்."

"அப்படியா? அப்ப வரலாறே போடுங்க. டிஎஸ்பி ஆனாச் சரி."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. பானு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அப்பா, நான் டிஎஸ்பி ஆகலை. வக்கீலுக்குப் படிச்சு ஜட்ஜ் ஆகப் போறேன்."

"வக்கீலா!" எடுத்த பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார். "கையெழுத்துப் போட மாட்டேன்."

அழுகை முட்டியது. ஆனாலும் கேட்டாள்: "உங்க டிஎஸ்பி கோர்ட்டுக்கு வந்தா ஜட்ஜைப் பாத்து என்ன செய்வாருப்பா?"

"என்ன செய்வாரு, சல்யூட் அடிப்பாரு" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் பல்லாக, "ஏட்டி! அவியளே உனக்கு அடிக்கணுமா?" என்று கேட்டு, பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது கேட்டார்: "அப்ப நானும்தான உனக்கு அடிக்கணும்?"

பானு அதை யோசிக்கவே இல்லை. "அதுக்குள்ள நீங்க ரிட்டயர்டு ஆயிருவீங்கப்பா."

"ஆனா என்ன? வேட்டியைக் கட்டிக்கிட்டு வந்து அடிப்பேன். எம் புள்ளைக்கு அடிக்க எவன்ட்ட பெர்மிஷன் கேக்கணும்?"