ஒன்றுமில்லாததில் ஈயம்

பீக்கரில் ஒன்றுமே இல்லை. தண்ணீரும் ஆசிட்டும், அவ்வளவுதான். அதில் ஈயம் இருக்கிறது என்று மெஷின் சாதித்தது.

அம்முவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மணலியில் இருக்கிற அந்தத் தனியார் பரிசோதனைக்கூடத்தில் பல வருஷமாக இதுதான் அவள் வேலை. மீனோ, குடிதண்ணீரோ, பொம்மைக்குப் பூசின பெயின்ட்டோ, எது வந்தாலும் ஆசிட்டில் போட்டுச் சூடாக்கிக் கரைப்பாள். கரைந்ததை மெஷினுக்குக் கொடுப்பாள். இன்ன உலோகம் இவ்வளவு என்று அது ஒரு எண்ணைத் துப்பும். கூடவே ஒரு பீக்கரில் எதையும் போடாமல் வெறும் ஆசிட்டை ஊற்றி, அதையும் அதே சூட்டில் வைத்து எடுப்பார்கள். அதற்குப் பிளாங்க் என்று பெயர். நம் கையிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ ஏதாவது கலந்துவிட்டால் போட்டுக்கொடுப்பதற்கென்றே இருக்கிற பீக்கர் அது. அதில் பூஜ்ஜியம் வர வேண்டும். வராவிட்டால் மற்ற எந்த எண்ணுக்கும் மரியாதை கிடையாது.

வேறு யாருடைய சரக்காகவாவது இருந்தால் பிளாங்க் சரியில்லை, பொறுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாக டீ குடிக்கப் போயிருப்பாள். இது அம்மா கொண்டு வந்த நண்டு.

எண்ணூர் ஆற்றோரம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களுக்கு இந்தப் பக்கம் புன்னங்குப்பம். அங்கே அம்முவின் அப்பா ராமதாஸ் மாதிரி ஆட்கள் பிடிக்கிற நண்டுக்கு இத்தனை காலமும் ஏலக்காரர் வாயில் வந்ததுதான் விலை. இப்போது வீட்டுக்கு வீடு மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பெனி, குப்பத்து மகளிர் குழுவிடமே நேராக நண்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, உடம்புக்கு விஷமான ஈயம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று ரிப்போர்ட் வேண்டும். குழுவுக்குத் தலைவி அம்முவின் அம்மா பவுனம்மாள். அவள் யாரையும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோ ஏறி நேரே மகளிடம் வந்து நின்றாள்.

"ந்தா, இன்னும் உசுரோட கீது பாரு. ஒரு காலு ஒடையல. நல்லதா எய்தி குடு" என்றாள்.

"எய்தி குடுக்கறது மெஷினும்மா. நானா?"

"அத்த நீதான ஓட்ற?"

கூடத்தை நடத்துகிற சுடலைராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐஸ் பெட்டியையும் பார்த்தார், பவுனம்மாளையும் பார்த்தார். "உங்க ஊரு நண்டுன்னா நீயே பாரு. ஆனா சலுகை கிலுகைன்னு எதாச்சும் பண்ணுன, வேல போயிரும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மெஷினில் முதல் தடவை ஓட்டியபோது நண்டில் அளவைத் தாண்டி ஈயம். அடுத்து வந்தது பிளாங்க்கின் எண். அதிலும் ஈயம். பிளாங்க்கைக் கழித்துப் பார்த்தால் நண்டு அளவுக்குள் வந்துவிட்டது. அப்பாடா என்று மறுபடி கரைத்து மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை பிளாங்க்கில் கொஞ்சம்தான். கழித்தால் நண்டு அளவுக்கு மேலே போய் நின்றது. இன்னொரு தடவை ஓட்டினாள். பிளாங்க்கில் நண்டைவிட அதிகம்! கழித்தால் நண்டில் ஈயம் மைனஸில் வருகிறது. அதாவது ஊரில் இருக்கிற ஈயத்தையெல்லாம் உறிஞ்சி நமக்கு உபகாரம் பண்ணுகிற நண்டு. இப்படி ஒரு நண்டு புன்னங்குப்பத்தில் இருப்பது தெரிந்தால் அதற்குச் சிலையே வைக்கலாம்.

"ஒன் பிளாங்க்குக்குக் காத்துக்கருப்பு அண்டிருச்சு" என்றாள் பெனிஷா. பக்கத்து மேஜையில் எண்ணெய் மாதிரிகளைப் பார்ப்பவள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பேய் பிசாசு விஷயத்தில் மட்டும் எல்லா மதத்துக்கும் சலுகை கொடுப்பாள்.

அம்மு ஆசிட் பாட்டிலை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். பீக்கர்களை ஆசிட்டில் ஊறப்போட்டுக் கழுவினாள். கையுறையை மாற்றினாள், வளையலைக் கழற்றினாள், மணலி காற்றின் மேலேயே சந்தேகப்பட்டு ஜன்னலைச் சாத்தினாள். சூடாக்குகிற தட்டையும் மாற்றியாயிற்று. எண் அதன் இஷ்டத்துக்கு ஏறியது, இறங்கியது. ஈயம் இவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசலைக் கொடுத்தால் மெஷின் அச்சுப் பிசகாமல் சரியாகச் சொன்னது. ஆக மெஷின்மேல் குற்றமில்லை. சூடாக்காமல் மேஜைமேல் சும்மா வைத்த ஆசிட்டிலும் ஈயமில்லை. ஆக ஆசிட்மேலும் குற்றமில்லை. பிறகு யார்மேல்தான் குற்றம்?

அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. பிளாங்க் ஏறினால் நண்டு பிழைக்கும். ஏற வேண்டும் என்று நினைக்கிற மனசு கையை ஏதாவது செய்ய வைக்கிறதா? அப்படியெல்லாம் நடக்காது என்று தெரியும். தெரிந்தும் பயந்தாள். பீக்கரைத் தூக்கும்போது விரல் என்ன செய்கிறது என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழிச்சுட்டு ஒரு நம்பரக் குடு. கம்பெனிக்காரன் போன் மேல போன் போடுதான்" என்று சுடலைராஜ் வந்து நின்றார்.

"எந்த நம்பர் சார்? மூணு கீதே!" பதற்றத்தில் அம்முவுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

மூன்றில் ஒன்று அம்மாவுக்குப் பிடித்த எண். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாயங்காலமே குப்பத்தில் திருவிழா. அதற்கு அவள் கை எழுந்ததும் உண்மை, ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடி வைத்ததும் உண்மை. மூன்றில் எது பொய் என்று தெரிந்தாலாவது தைரியமாகப் பொய் சொல்லலாம். அதுகூடத் தெரியவில்லை.

விஷயம் பிடிபட்டது ஒரு துணுக்கால். ஒரு காலை, பிளாங்க் பீக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அடியில் மிளகாய்த்தூள் மாதிரி சிவப்பாக ஏதோ ஒன்று கிடந்தது. சாப்பிட்ட கையோடு வந்துவிட்டோமா என்று முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

ஆசிட் புகையை உறிஞ்சுகிற கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு, ஹூட் என்பார்கள். அதற்குள்தான் பீக்கர்களைச் சூடாக்குவது. முன்பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கண்ணாடி உரசிப் போகிற சட்டத்தின் உள்விளிம்பில், பீக்கர்களுக்கு நேர் மேலே, பெரிய சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்துப் பாதி உதிர்ந்திருந்தது.

ஆயுதபூஜை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அம்மா நண்டு கொண்டு வந்த மறுநாள்தான் பூஜை, அதை மெஷினில் ஓட்டியது அதற்கு அப்புறம். பூஜை என்றால் லேபில் எதையும் விடமாட்டார்கள். தராசுக்குப் பொட்டு, ஃபிரிட்ஜுக்குப் பொட்டு, கம்ப்யூட்டர் மவுஸுக்குப் பொட்டு. தீயணைக்கிற சிலிண்டர்கூடக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. ஹூடுக்கு வைத்தது அம்முதான். வெளியே வைத்தால் யார் கையாவது பட்டு அழிந்துபோகும் என்று, எக்கி நின்று உள்விளிம்பில் வைத்தாள். எங்க நண்டு பாஸாகணும் என்று வேண்டிக்கொண்டு மற்றதற்கு வைத்ததைவிடத் தாராளமாகவே வைத்தாள். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடவுமில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அது பீக்கருக்குள் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

மீதி குங்குமம் அலமாரியில் இருந்தது. கம்பெனி பெயர்கூட இல்லாத மலிவு பாக்கெட். மலிவுக் குங்குமத்தில் சிவப்புக்காக ஈயச் செந்தூரம் கலப்பதுண்டு என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. ஒரு சிட்டிகையை ஆசிட்டில் கரைத்து மெஷினுக்குக் கொடுத்தாள். மெஷின் எண்ணே காட்டவில்லை. என்னால் அளக்க முடியாத அளவு இருக்கிறது என்று கையை விரித்துவிட்டது.

அம்மு சத்தம் போட்டுச் சிரித்தாள். பெனிஷாவின் கையைப் பிடித்துக் குதித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தாள், செய்திருக்கக் கூடாது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ம்மா, ஈயம் குங்குமத்துல கீது! நம்ம நண்டு மேல தப்பு இல்ல!"

"நாந்தான் சொன்னேனே, நம்ம ஆத்து நண்டு அப்டிலாம் கலீஜ் கெடையாதுடி!" என்று பவுனம்மாள் கத்தினது பெனிஷாவுக்கே கேட்டது. அடுத்த நிமிஷம் அது குப்பம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஹூடைத் துடைக்க ஈரத்துணியோடு அம்மு கிளம்பியபோது சுடலைராஜ் குறுக்கே வந்தார். "ஏளா, வச்ச பொட்ட அழிக்கவா போற? தானா உதுரட்டும்ளா."

"தானா உதிர்ந்ததுதான் சார் பிரச்சனையே."

அந்தக் குங்குமப் பாக்கெட்டை வாங்கி வந்தவர் அவர்தான். கைக்குட்டையை எடுத்துத் தன் நெற்றிக் குங்குமத்தை மெல்லத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

தராசு, ஃபிரிட்ஜ், மவுஸ் என்று லேபில் இருந்த பொட்டு அத்தனையையும் அம்மு துடைத்தாள். ஹூடைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கண்ணாடியைக் கழற்றி அதன் இடுக்கையும் கழுவினாள். ஃபிரீஸரில் மிச்சம் வைத்திருந்த நண்டுச் சதையை எடுத்துப் புதிதாகக் கரைத்தாள். வெறும் ஆசிட்டும் கூடவே கொதித்தது.

பிளாங்க்கில் பூஜ்ஜியம். அந்த எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ரிப்போர்ட்டை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அடுத்து நண்டின் எண் வந்தது. அளவைப்போல இரண்டு மடங்கு.

இன்னொரு பீக்கரைக் கொடுத்தாள். அதே எண். மூன்றாவதைக் கொடுத்தாள். அதே எண். பிளாங்க்கை மறுபடி ஓட்டினாள், பூஜ்ஜியத்திலிருந்து அசையவில்லை. எதைக் கழிப்பது, எதன்மேல் பழி போடுவது? இத்தனை நாளாக அவள் தலையைத் தின்ற குழப்பம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அது திரும்பி வராதா என்று அம்முவுக்கு இருந்தது. குழப்பமாக இருந்தவரைக்கும் நண்டு நல்ல நண்டாக இருக்க ஒரு வழி இருந்தது.

பெனிஷா திரையைப் பார்த்தாள். முக்காலியை இழுத்து அம்முவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அம்மாவே கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"இன்னாடி, ரிப்போர்ட் ரெடியா? இங்க எல்லாரும் குந்திகினு கீறோம்."

"ம்மா, நண்டுல ஈயம் கீதும்மா."

"நீதானடி குங்குமத்துலன்ன?"

"குங்குமத்துலயும் கீது. நண்டுலயும் கீது."

"உனுக்கு இன்னா பேஜாரு? மறுக்கா எங்கனா ஒட்டிகினு இருக்கும். நல்லா தொடச்சிட்டு பாரு."

"தொடச்சிட்டேம்மா."

இன்னா சொல்லுது, இன்னா சொல்லுது என்று அங்கே யாரோ கேட்டார்கள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று அம்மு போனைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"அப்போ" என்றாள் பவுனம்மாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. "நாம இத்தினி வருசமா துன்னுகினு கீறது இன்னாடி?"

அம்மு போனைக் காதில் வைத்தபடியே அழுதாள்.