மூன்றாவது புகார்

எனக்குக் குரல் பெரிது. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊர் பண்டமாரானில் என் வீட்டுப் பின்பக்கம் நின்று "கரண்டி எங்கே" என்று கேட்டால், நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் தங்கள் கரண்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பதினெட்டு வருஷமாகக் கல்யாணச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். இந்தக் குரல் இல்லாமல் அறுநூறு பேருக்கு இலை போட்டுப் பரிமாற முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைநகரில், பிரிக்பீல்ட்சில் ஒரு மண்டபம். அங்கே கல்யாணம் வைப்பவர்கள், மண்டபத்தின் பட்டியலில் உள்ள ஐந்து கேட்டரிங்காரர்களில் ஒருவரிடம்தான் சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும். சந்திரகலா கேட்டரிங் அதில் நான்காவது. என் பிழைப்பில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மூன்று புகார் வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். என் பேரில் இரண்டு புகார் ஏற்கெனவே இருந்தன, இரண்டிலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாடியில் ஐயர் மந்திரம் சொல்லும்போது கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெண்மணி "அப்பளம் எங்கடா" என்று கத்தியது மைக் வரைக்கும் வந்தது என்பது முதல் புகார். அந்தப் பெண்மணி நான்தான்.

இரண்டாவது புகார் விஜயனால் வந்தது. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். விஜயன் என்னிடம் ஒன்பது வருஷம் இருந்தவன், பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் தலை. ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் போனவன் மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியில் சிந்திவிட்டான். நான் கூடத்தின் மறுகோடியிலிருந்து "உனக்குக் கண்ணு எங்க இருக்கு" என்று ஆரம்பித்தேன். எங்கே முடித்தேன் என்று ஞாபகமில்லை. பெரியப்பா வேட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, என் வாயைப் பற்றித்தான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். விஜயன் பந்தி முடியும்வரை பரிமாறினான். பிறகு ஏப்ரனைக் கழற்றி, மடித்து, காலி வாளியின் மேல் வைத்துவிட்டுப் போனான். பரிமாறுகிற மற்ற நால்வரும் அவன் பின்னாலேயே போனார்கள். போனால் போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன், அடுத்த கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் மண்டபத் தலைவர் பழனியப்பன் போன் செய்தார். மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

"இன்னொரு புகார் வந்தா என் கையில ஒண்ணும் இல்லம்மா. பேரை எடுத்துடுவாங்க."

"வராது தலைவரே," என்றேன். அதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பது இங்கே எனக்குத் தெரிந்தது.

என் சமையல்காரர் தங்கமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்குக் கூடுதலாகப் பேசினார்.

"கோவம் வந்தா ஒரு கிராம்பை வாயில போட்டுக்குங்கக்கா. நாக்கு மரத்துப் போயிடும்."

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்ன டப்பாவில் கிராம்பைப் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு பேர் போன் செய்து, கேட்டரிங் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் இராஜம்மா, ஐம்பது வயதிருக்கும், இருபத்திரண்டு வருஷம் ஒரு ரப்பர் கையுறை ஆலையில் லைன் லீடர். ஆலையை மூடிவிட்டார்கள். பின்னால் நின்ற லோகேஸ்வரியும் மாதவியும் அதே லைனில் வேலை பார்த்தவர்கள்.

"ஒருத்தர் போதுமா ரெண்டு பேர் போதுமான்னு கேக்காதீங்கக்கா. எடுத்தா மூணு பேரையும் எடுங்க," என்றார் இராஜம்மா.

நேர்முகத் தேர்வு என்றால் நான் கேள்வி கேட்க வேண்டும். இங்கே இராஜம்மா கேட்டார். பிரேக் எத்தனை மணிக்கு, யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், வேலையை யார் சொல்லிக் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் "நான்தான்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார்.

"தப்பு பண்ணா கிட்ட வந்து சொல்லுங்க. தூரத்துல நின்னு கத்துனா எங்களுக்குக் கேக்காது லா. இருபத்திரண்டு வருஷம் மெஷின் பக்கத்துல நின்ன காது."

"நான் எங்க கத்துறேன்?" என்றேன். உள்ளே தங்கமணி இருமினார்.

மறுநாளே பயிற்சியை ஆரம்பித்தேன். வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நீளமான மேசையைப் போட்டேன். கார் பாதி இடத்தை அடைத்துக்கொண்டதால் மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். பத்து வாழையிலையை வைத்துக்கொண்டு அதையே போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பழகினோம். இலை கிழிந்து நார் நாராகும்வரை விடவில்லை.

"நுனி இடது கைப் பக்கம். இதுல தப்பு வந்தா சாவு வீட்டு இலை மாதிரி ஆயிடும், பெரியவங்க உக்காரவே மாட்டாங்க. மேல் பாதியில உப்பு, ஊறுகா, பச்சடி, கூட்டு. கீழ் பாதி சோத்துக்கு."

இராஜம்மா இதையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியில் எழுதி, இலையைப் படமாக வரைந்து, நுனிக்கு ஒரு அம்புக்குறி போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். ஆலையில் எல்லா மெஷினுக்கும் இப்படி ஒரு அட்டை உண்டாம். லோகேஸ்வரி போனில் நேரம் பார்ப்பார், மாதவி இலை போடுவார். முதல் நாள் பத்து இலைக்கு மூன்று நிமிஷம். ஐந்தாம் நாள் நாற்பது வினாடி. விஜயனுக்குக்கூட இந்த வேகம் வந்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருந்தும் மாதவி ஊறுகாயை நடுவில் வைத்தபோது வாய் திறந்துவிட்டது, எதிர்வீட்டு நாய் குரைத்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் போகும்போது மூவரும் வாசலில் நின்று ரகசியமாக ஏதோ பேசினார்கள். இவர்களும் போய்விடுவார்களோ என்று கிராம்பு டப்பாவைத் திறந்தேன்.

கல்யாண நாள் வந்தது. காலையிலேயே லோரியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பெடரல் ஹைவேயில் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு நீள மேசை, மேசைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்து நாற்காலி. முதல் பந்திக்கு இருநூற்று நாற்பது பேர். "நீங்க இலையைப் போடுங்க, நான் பின்னால சாம்பாரைப் பாத்துட்டு வரேன்," என்று இராஜம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஒன்பது வருஷத்தில் விஜயனிடம்கூடக் கூடத்தை அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை.

திரும்பி வந்தபோது மாடியில் நாதஸ்வரம் கேட்டது. தாலி கட்டப் பத்து நிமிஷம் இருக்கும். கட்டி முடித்ததும் பாதிக் கூட்டம் கீழே இறங்கிவிடும், நம்மாட்களுக்கு அட்சதை போட்ட கை உடனே இலையைத் தேடும். கூடத்தைப் பார்த்தேன். துணி சுருக்கமில்லை. டம்ளர்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. இலையெல்லாம் பளபளவென்று இருந்தன. மனது நிறைந்துபோய் இரண்டு அடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் நுனியெல்லாம் இடது பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு வலது பக்கம் இருந்தது. பன்னிரண்டு மேசையிலும் அப்படியே. மொத்தம் நூற்று இருபது இலை தலைகீழ்.

தலைக்குள் ஜிவ்வென்று ஏறியது. இராஜம்மா கூடத்தின் மறுகோடியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்துவிட்டேன், மூச்சையும் இழுத்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் பழனியப்பன் நிற்பது கண்ணில் பட்டது. கையில் மண்டபத்தின் புகார்ப் புத்தகம். கிராம்பை எடுத்து வாயில் போட்டேன். ஒன்று போதவில்லை, மூன்றைப் போட்டேன். வாய் எரிய எரியக் கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்து போனேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு தப்பைச் சொல்ல நான் நடந்து போனது அதுதான் முதல் தடவை.

"இராஜம்மா, இந்த வரிசையை எப்படிப் போட்டீங்க?"

"ஒரு பக்கம் நடந்துக்கிட்டே ரெண்டு வரிசையும் போட்டோம்க்கா. எட்டிப் போட்டா எட்டும். பாதி நடை மிச்சம்." அவர் பெருமையாகத்தான் சொன்னார். "நுனி இடது கைப் பக்கம். ஒரு இலைகூட மாறலை, நான் செக் பண்ணிட்டேன்."

இடது கையை நீட்டிக் காட்டினார். அவருடைய இடது கை. நான் அந்தக் கையைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்த என் வீட்டு மேசை கண் முன்னால் வந்தது. பயிற்சி நடந்த எல்லா நாளும் அந்த மேசைக்கு ஒரே பக்கம்தான். எதிர்ப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் அவர்களுக்குக் காட்டவில்லை. காரை எடுத்து ரோட்டில் நிறுத்தச் சோம்பல்பட்டு, மூன்று பேருக்கும் அரை மேசையை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பழனியப்பன் பின்னால் வந்து நின்றுவிட்டார். ஒரு இலையைப் பார்த்தார், எதிர் இலையைப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

இராஜம்மாவின் முகம் மாறியது. லோகேஸ்வரியும் மாதவியும் தண்ணீர் ஜக்கோடு அசையாமல் நின்றார்கள். மூன்று பேரும் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

"நான்தான் தலைவரே," என்றேன். நாக்கு மரத்துப்போயிருந்ததால் குரல் எனக்கே கேட்கவில்லை. "இவங்க நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே போட்டிருக்காங்க. நான் பாதிதான் சொல்லிக் கொடுத்தேன். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க. அஞ்சு நிமிஷம் கொடுங்க, திருப்பிடறேன்."

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. முதல் மேசைக்குப் போய் எதிர்ப் பக்கத்து இலையை எடுத்துத் திருப்பிப் போட்டேன். இராஜம்மா ஒரு வினாடி பார்த்தார். "ஓ, உக்காரவங்க கை," என்றார். அவ்வளவுதான், ஆலைப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "ஆளுக்கு மூணு மேசை. லோகா கடைசில இருந்து வா. மாதவி நடு. டம்ளரைத் தொடாதே, இலையை மட்டும் சுத்து." நால்வரும் சுற்றினோம். மாடியில் கெட்டிமேளம் கொட்டியபோது பதினோரு மேசை முடிந்திருந்தது. பன்னிரண்டாவது மேசைக்கு ஓடினேன். அங்கே பழனியப்பன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசி நாலு இலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மூன்று பந்தியும் ஒழுங்காக முடிந்தன. கிளம்பும்போது அவரிடம் போய் நின்றேன்.

"எழுதிட்டீங்களா தலைவரே?"

"என்னத்த எழுதறது? இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்களான்னே எனக்குச் சந்தேகமா போச்சு. ஒரு சத்தமும் கேக்கல." புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "அடுத்த வாரமும் உங்களுக்குத்தான்."

லோரியில் தங்கமணி ஓட்ட, நாங்கள் நால்வரும் பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் சுபாங்கைத் தாண்டினோம். பிறகு இராஜம்மா ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கோட நின்னுடலாம்னு நாங்க மூணு பேரும் பேசி வச்சிருந்தோம்."

நினைத்ததுதான். இருந்தாலும் நேரில் கேட்டபோது சுருக்கென்றது. "ஏன்?"

"தங்கமணி அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி விஜயனுக்குப் போன் பண்ணிக் கேட்டோம், உங்க கிட்ட வேலை எப்படின்னு. அக்கா நல்லவங்க, வயித்தைக் காயப் போட மாட்டாங்கன்னு சொன்னாரு. ஆனா தப்பு மட்டும் எப்பவும் வேலை செய்றவங்களோடதாவே இருக்கும்னாரு." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "இன்னைக்கு அப்படி இல்லையே. அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரணும்?"

"அஞ்சரைக்கு," என்றேன். கண் கலங்கிவிட்டது. கிராம்புக் காரம் என்று சொல்லலாம், ஆனால் அது இல்லை. ஒன்பது வருஷம் கூட இருந்தவன், என்னைப் பற்றிக் கேட்ட ஆளிடம் முதலில் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறான். அந்த ரச வாளி ஞாபகம் வந்தது. பந்தி அவசரத்தில் அதை விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தது யார் என்பதும் ஞாபகம் வந்தது. இத்தனை நாளாக அதை நான் யோசிக்கவே இல்லை.

போனை எடுத்தேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விஜயனைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"விஜயா, நான்தான். வேலைக்குக் கூப்பிடல, பயப்படாதே. அந்த ரச வாளியைத் தளும்பத் தளும்ப ரொப்பினது நான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

லோரி இரைச்சலில் பதில் கேட்க வேண்டுமே என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தெரியும்க்கா," என்றான். "ரொம்ப இருக்குக்கான்னு நான் அப்பவே சொன்னேன். நீங்க கத்துனதுல உங்களுக்குக் கேக்கல."