குடத்தைத் தொடாமல் நடந்தவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைமாடியில் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டபடி அக்கா சொன்னது. அவள் இதைக் கதை என்றுகூடச் சொல்லவில்லை. "போன வருஷம் ஒரு கூத்து நடந்துச்சுடா" என்றுதான் ஆரம்பித்தாள். யார் வீட்டுக் கூத்தானாலும் கதையாக்கிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அவள் வாளியைக் கவிழ்ப்பதற்குள் நான் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா கணக்கெடுப்பாளர். உலக நாடுகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, இன்ன வருஷத்துக்குள் பச்சைக் குழந்தைகள் சாவதைக் குறைப்போம், பிரசவத்தில் தாய் சாவதைக் குறைப்போம், எல்லார் வீட்டுக்கும் நல்ல தண்ணீர் கொடுப்போம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டிருக்கின்றன அல்லவா? கையெழுத்திட்டவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். சொன்னது நடக்கிறதா என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்பது அக்காவும் அவளைப் போன்றவர்களும்தான். கையில் ஒரு டேப்லெட், தோளில் ஒரு பை, காலில் வருஷத்துக்கு மூன்று ஜோடி தேயும் செருப்பு.

2

முதல் தொடக்கம்:

"காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அந்தத் தெருவைத் தழுவிய வேளையில்—"

அக்கா முகம் போன போக்கைப் பார்த்து நானே அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

"வளர்ச்சி என்பது பன்முகக் குறியீடுகளின் ஊடாக அளவிடப்பட வேண்டிய—"

"டேய், இது எங்க ஆபீஸ் சர்க்குலர்டா."

மூன்றாவது:

"தையல்காரிக்கு முழங்கால் வலி."

இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம். ஆகவே இங்கிருந்து போவோம்.

3

தையல்காரிக்கு முழங்கால் வலி. பதினைந்து வருஷமாக மெஷின் மிதித்ததில் வந்தது. கணவன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். வீட்டில் ஒரே அறை. அதில் மெஷின் ஜன்னலோரம். ஊரார் ரவிக்கைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். தெருவில் குழாய் கிடையாது. பெரிய ரோட்டைத் தாண்டி, மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் பொதுக் குழாய்தான்.

அக்கா அவள் வீட்டுக்குப் போனது கேள்வி பதினேழுக்காக. (மற்ற கேள்விகளுக்காகவும்தான். ஆனால் கதையில் மற்ற கேள்விகளுக்கு வேலையில்லை.) கேள்வி பதினேழு இது: தண்ணீர் எடுக்கப் போய், வரிசையில் நின்று, திரும்பி வர எத்தனை நிமிடம்? முப்பதோ அதற்குக் குறைவோ என்றால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதாக உலகம் ஏற்றுக்கொள்ளும். டேப்லெட்டில் பச்சை விழும். முப்பத்தொன்று என்றால் சிவப்பு.*

* முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் அப்படி என்ன இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். "எங்கயாவது ஒரு கோடு போட்டாகணும்ல" என்றாள். எழுத்தாளனாக இதை நான் மறுக்க முடியாது. நானும் எங்கேயாவது ஒரு புள்ளி வைத்துத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

நகராட்சியில் புதுக் குழாய்க்கு ஒரு பட்டியல் உண்டு. அதற்கும் இதே எண்தான் போகும், தெருவுக்கு ஒரு வீடு என்ற கணக்கில். போன முறை முப்பத்தைந்து என்று பதிவானதால்தான் அந்தத் தெரு பட்டியலிலேயே ஏறியது. பச்சை விழுந்தால் இறங்கிவிடும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அக்கா கேட்டாள்.

"கடிகாரத்தைப் பாத்துட்டா மேடம் தண்ணிக்குப் போறோம்? ஆகும், அது பாட்டுக்கு ஆகும்."

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "பத்தே நிமிஷம்னு எழுதிக்குங்க மேடம்! நான்லாம் பறந்து போய் பறந்து வருவேன்!" அவளுக்குப் பரீட்சை என்று நினைப்பு. சீக்கிரம் என்று சொன்னால் பரிசு கொடுப்பார்கள் என்று நம்பினாள்.

பதில் தெளிவாக இல்லை என்றால் கூடவே நடந்து அளக்கலாம் என்று கையேடு சொல்கிறது. அக்கா கிளம்பினாள்.

4

போக எட்டு நிமிடம். வரிசை பதினொன்று. தையல்காரி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவதில் கால் இழுத்தது. அக்கா வாளியை வாங்கிக்கொண்டாள். பேசிக்கொண்டே வந்தார்கள். ரவிக்கைக் கழுத்தை அகலமாக வைத்தால் தோளில் நிற்காது, ஆனாலும் எல்லாரும் அகலமாகத்தான் கேட்கிறார்கள் என்று தையல்காரி அலுத்துக்கொண்டாள். திரும்ப வர பத்து நிமிடம்.

ஆக இருபத்தொன்பது. அக்கா தட்டினாள். பச்சை விழுந்தது.

இந்த இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்:

"அந்தப் பச்சையைப் பார்த்த கணத்தில் அவள் மனசாட்சி விழித்துக்கொண்டது. 'ஐயோ, நான் வாளியைத் தூக்கியிருக்கக் கூடாதே!' என்று அவள்—"

"பொய்" என்றாள் அக்கா.

"எது?"

"எனக்கு ஒண்ணும் விழிச்சுக்கல. நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன், கழிப்பறை இருக்கான்னு. அவதான் கேட்டா."

"என்ன கேட்டா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கோபமில்லாமல், தையல்காரி கேட்டது இது:

"நாளைக்கும் நீங்க வந்து தூக்குவீங்களா மேடம்?"

நான் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். பாருங்கள், அக்காவை நல்லவளாகக் காட்ட நான் எடுத்த முயற்சியில் தையல்காரியின் வாயிலிருந்த ஒரே நல்ல வசனத்தைத் திருடப் பார்த்திருக்கிறேன்.

5

அக்கா இருபத்தொன்பதை அழித்தாள். (ஆபீஸுக்கு அது முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.) மறுநாள் காலை மறுபடி போனாள். இந்த முறை குடத்தைத் தொடுவதில்லை என்ற முடிவோடு.

சொல்ல எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள். ஒருத்தி நொண்டி நொண்டிக் குடம் சுமந்து வருகிறாள். அவள் பக்கத்திலேயே, வெறுங்கையோடு, நல்ல காலோடு நீங்கள் நடக்க வேண்டும். கை தானாகப் போய்விடும் என்று பயந்து அக்கா டேப்லெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

மரக்கடை முனையில் முதல் தடவை இறக்கி வைத்தாள் தையல்காரி. நின்றிருந்த ஒரு லாரியின் நிழலில் இரண்டாவது தடவை. அங்கே சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு வாளியை வாங்கிக்கிட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

அக்கா டேப்லெட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். என்ன சொல்வது? உலக நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கின்றன என்றா?

தையல்காரியே பதில் சொன்னாள். "விடுங்கண்ணே. அவங்க வேலையத்தான் பாக்குறாங்க."

(அக்காவுக்கு உதவி தேவைப்பட்ட நேரத்தில் உதவியது சுமை தூக்கியவள்தான். இதைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியாததால் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

வீட்டுக்குப் பத்தடி இருக்கையில் மூன்றாவது தடவையும் இறக்கி வைத்தாள். போக எட்டு, வரிசை பன்னிரண்டு, வர பதினேழு. முப்பத்தேழு.

சிவப்பு.

"அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலடா" என்றாள் அக்கா. "தப்பு செஞ்சா இறங்காதுன்னு தெரியும். சரியா செஞ்சதுக்கும் இறங்கலன்னா என்ன பண்றது?"

6

இப்போது கதைக்கு ஒரு வில்லன் தேவை. அக்காவின் மேற்பார்வையாளரை அதற்கு நியமித்தேன். "முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக அவர்—"

"அவருக்கு மீசையே கிடையாது. பாவம், வழுக்கை."

போகட்டும். வழுக்கைத் தலை மேற்பார்வையாளர் போன் செய்தது மட்டும் நிஜம்.

"என்னம்மா இது, நேத்து இருபத்தொம்பது, இன்னைக்கு முப்பத்தேழு? ஒரே நாள்ல குழாய் நடந்து போயிடுச்சா?"

"நேத்து நான் வாளிய தூக்கினேன் சார்."

"தூக்கினா என்ன? நம்ம வட்டம் எண்பது சதவீதம் பச்சையைத் தொட ஒரே ஒரு தெருதான் பாக்கி. மேல இருந்து தினம் கேக்குறாங்க. நாடே அந்த எண்பதை எட்டிடும்னு அறிக்கை தயாரா இருக்கு."

"நீங்களே வந்து ஒரு நடை நடந்து பாருங்க சார்."

வந்தார். பாலிஷ் போட்ட ஷூ, கையில் போன், போனில் நிறுத்துக் கடிகாரம். போகும்போது விறைப்பாகத்தான் நடந்தார். வரிசையில் நிற்கும்போது நாலு பெண்கள் நாலு புகார் சொன்னார்கள். தலையைத் தலையை ஆட்டினார். திரும்பும்போது மூன்றாவது நிமிடம், தையல்காரியின் கால் இழுத்தது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, யோசிக்காமல், வாளியைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், கீழ வைங்க" என்றாள் அக்கா.

"ஏன்மா?"

"நீங்க தூக்கினா நாடு முன்னேறிடும்."

ஒரு வினாடி அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாளியை மெதுவாக, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், கீழே வைத்தார். தையல்காரி அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் இன்னும் ஐந்து நிமிடம் பின்னாலேயே வந்தார். லாரி நிழலில் அவள் இறக்கி வைத்தபோது போனை எடுத்துக் கடிகாரத்தை நிறுத்தினார்.

"போதும்மா. முப்பத்தேழே இருக்கட்டும். ஒப்புதல் நான் போட்டுடறேன்."

பிறகு அளவுதான் முடிந்துவிட்டதே என்று, வாளியைத் தூக்கிக்கொண்டு தையல்காரியின் வீடுவரை போனார். ஷூவுக்குள் தண்ணீர் போய் வழியெல்லாம் சளக் சளக்கென்று சத்தம். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கடைசிவரை ஏமாற்றத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "நான் போயிருந்தா பத்தே நிமிஷம் சார்!"

நாடு அந்த வருஷம் எண்பதைத் தொடவில்லை. எழுபத்தொன்பதே சொச்சம். அது அக்காவின் ஒரு தெருவால் அல்ல, அவளைப் போல இன்னும் பலர் பல தெருக்களில் வெறுங்கையோடு நடந்ததால் என்று நான் நம்ப விரும்புகிறேன். ஆதாரம் கிடையாது.

7

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

அ) குழாய் வருகிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள். தையல்காரி குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் அவள்—

"எத்தனை சினிமா பாக்குற நீ?" என்றாள் அக்கா.

ஆ) குழாய் வரவில்லை. பட்டியலைக் காணோம். தையல்காரி வழக்கம்போல் குடத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கொடும் வெயிலில்—

"அதுவும் வேணாம். அவ ஒண்ணும் அப்படி அழுதுகிட்டு உக்காந்திருக்கல. சைக்கிள் கடைக்காரர்கிட்ட சொல்லி ஒரு தள்ளுவண்டி பண்ணிக்கிட்டா. இப்ப குடமும் வாளியும் அதுல வருது. போன வாரம் நான் போனப்ப எனக்கு ஒரு ரவிக்கை தைச்சு வச்சிருந்தா. கழுத்து அகலமில்லாம."

"அப்போ நிஜமா என்னதான் ஆச்சு?"

"ரோட்டைத் தோண்டியிருக்காங்க. அவ வீட்டுக்கு மூணு வீடு முன்னால வரைக்கும். மூணு வாரமா வெறும் பள்ளம். குழாய் இன்னும் வரல."

ஆகவே வாசகரே, நானும் நீங்களும் இப்போது ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறோம். நகராட்சியால் மூன்று வாரமாக முடியாததை என்னால் ஒரே வாக்கியத்தில் முடிக்க முடியும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். "மறுநாள் காலை குழாய்கள் ஏற்றிய வண்டி அந்தத் தெருவுக்குள்—"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிடாதடா. நீ எழுதிட்டீன்னா, வந்துடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க."